எடை மேடை மேல் நின்ற ஊர்: இங்லிஸ் மர எலிவேட்டர்கள்

வணக்கம் மக்களே. காற்று பலமாக அடிக்கிறது. மைக்கில் சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நிற்பது கனடாவில், மானிடோபா மாகாணத்தின் மேற்கு ஓரத்தில், இங்லிஸ் என்ற சின்ன ஊரில். வினிபெக்கிலிருந்து காரில் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் வந்திருக்கிறேன். வழியெல்லாம் கோதுமை, கனோலா, மறுபடியும் கோதுமை. ஊர் வரப்போகிறது என்று பலகை சொல்வதற்கு முன்பே இவை கண்ணில் பட்டுவிட்டன. கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து மரக் கோபுரங்கள், ஒரே வரிசையில், பழைய ரயில் பாதையை ஒட்டி. 1922க்கும் 1941க்கும் இடையில் கட்டியவை. இப்படி ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தன. இன்று இவ்வளவு முழுமையான வரிசையைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். அதனால்தான் இதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்துப் பாதுகாக்கிறார்கள்.

இதற்குப் பெயர் தானிய எலிவேட்டர். எலிவேட்டர் என்றதும் நம் எல்லோருக்கும் லிஃப்ட் ஞாபகம்தான் வரும். அது தப்பும் இல்லை. இதுவும் லிஃப்ட்தான், ஆனால் ஏறுவது தானியம். கீழே கொட்டிய கோதுமையை உச்சிக்குத் தூக்கிப் போய்விட்டால், அப்புறம் வேலை மிச்சம். அது தானாகவே கீழே ஓடி வரும். எந்த அறைக்குள் விழ வேண்டும், எந்த ரயில் பெட்டிக்குள் போக வேண்டும் என்று குழாயைத் திருப்பிவிட்டால் போதும். மொத்தக் கட்டடமும் இந்த ஒரு யோசனைக்காகத்தான் இவ்வளவு உயரமாக நிற்கிறது.

இந்த யோசனை பிறந்த இடம் அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ நகரத் துறைமுகம். கப்பலில் வந்த தானியத்தை ஆட்கள் முதுகில் சுமந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். 1842இல் ஜோசப் டார்ட் என்ற வியாபாரியும் ராபர்ட் டன்பார் என்ற பொறியாளரும் சேர்ந்து, நீராவி இயந்திரத்தால் சுற்றும் ஒரு பெல்ட்டில் வரிசையாகக் கிண்ணங்களை மாட்டி, தானியத்தை அள்ளி மேலே ஏற்றினார்கள். கனடாவின் பிரேரி சமவெளிக்கு அது வந்து சேர்ந்தது 1879இல், மானிடோபாவின் நிவர்வில் ஊரில். அது வட்டமான கட்டடம். அடுத்து 1881இல் கிரெட்னாவில் ஓகில்வி மாவு மில் கம்பெனி சதுரமாக ஒன்று கட்டியது. இப்போது என் பின்னால் நிற்பவை எல்லாம் அந்தச் சதுரத்தின் பிள்ளைகள்.

சரி, உள்ளே போகலாம். வெளிச்சம் குறைவாக இருக்கும்.

இந்த மரச் சரிவில்தான் குதிரை வண்டி ஏறி வரும், பிற்காலத்தில் லாரி. என் காலடியில் இருப்பது வெறும் பலகைத் தரை மாதிரி தெரிகிறது, ஆனால் இது ஒரு தராசு. வண்டியை அப்படியே மேலே நிறுத்தி, பாரத்தோடு ஒரு எடை. அப்புறம் வண்டியின் பின் கதவைத் திறந்து, முன்பக்கத்தைத் தூக்கினால், கோதுமை இந்தக் கம்பி வலை வழியாகக் கீழே குழிக்குள் கொட்டும். வெறும் வண்டியாக இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த விவசாயியின் உழைப்பு.

இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது முக்கியமாக இந்த இடத்தைப் பற்றித்தான். எலிவேட்டரின் படங்களை எல்லோரும் வெளியிலிருந்து எடுக்கிறார்கள். வானம், வயல், நடுவில் கோபுரம். அழகுதான், நானும் எடுத்தேன். ஆனால் இந்த ஊர்களின் சந்தோஷமும் சண்டையும் நடந்தது இந்த எடை மேடை மேல். ஏப்ரல், மே மாதத்தில் விதைத்து, ஆலங்கட்டி மழைக்கும் பனிக்கும் பயந்து பயந்து வளர்த்து, அறுத்து, அடித்து, குதிரைகளைப் பூட்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வந்து நிற்பார் ஒருவர். எதிரே எலிவேட்டர் ஏஜென்ட் நிற்பார். எடை எவ்வளவு என்று சொல்வது அவர். தரம் என்ன என்று சொல்வது அவர். களை விதையும் தூசியும் எவ்வளவு இருக்கிறது, அதற்கு எவ்வளவு பிடித்தம் என்று சொல்வதும் அவரே. கோதுமை ஒரு புஷல் என்றால் 60 பவுண்டு, சுமார் 27 கிலோ. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு புஷல் குறைத்து எழுதினால், வருஷக் கடைசியில் அது ஒரு வீட்டின் குளிர்காலச் செலவு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று நாம் சொல்வோமே, அந்தக் கணக்கை இங்கே இன்னொருவர் எழுதினார்.

ஏஜென்ட்கள் எல்லோரும் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. பல ஊர்களில் அவர்தான் எல்லோருக்கும் வேண்டியவர். அவருடைய சின்ன அலுவலகத்தில்தான் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை பேசியிருக்கிறார்கள். ஆனால் அவர் கம்பெனியின் ஆள். கம்பெனிகளோ ரயில்வேயோடு சேர்ந்திருந்தன. பிரச்சினை அங்கேதான்.

கனடியன் பசிபிக் ரயில்வே 1880களில் இந்தச் சமவெளியைக் கடந்து பாதை போட்டது. ஒவ்வொரு நிலையத்திலும் எலிவேட்டர் வேண்டும். ஆனால் ரயில்வே தன் பணத்தில் கட்ட விரும்பவில்லை. அதனால் கம்பெனிகளிடம் ஒரு ஒப்பந்தம் போட்டது. குறைந்தது 25,000 புஷல் கொள்ளளவோடு இயந்திரம் வைத்த எலிவேட்டரைக் கட்டுங்கள், அந்த நிலையத்தில் தானியம் ஏற்றும் உரிமை உங்களுக்குத்தான் என்றது. 25,000 புஷல் என்றால் சுமார் 680 டன். அதற்கு முன்பு விவசாயிகள் தாழ்வான கிடங்குகளிலிருந்து மூட்டையைச் சுமந்து தாங்களே ரயில் பெட்டியை நிரப்ப முடிந்தது. அந்த வழி அடைபட்டது. எலிவேட்டர் சொல்லும் விலை, எலிவேட்டர் சொல்லும் எடை. பிடிக்காவிட்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

புகார்கள் குவிந்து, விசாரணைக் கமிஷன் அமைத்து, 1900இல் மானிடோபா தானியச் சட்டம் வந்தது. விவசாயி தானே பெட்டியில் ஏற்றிக்கொள்ள ஏற்றுமேடை வேண்டும் என்று சட்டம் சொன்னது. சட்டம் வந்த மறு வருஷமே, 1901இல், அமோக விளைச்சல். ரயில் பெட்டிகள் போதவில்லை. வந்த பெட்டிகள் எலிவேட்டர்களுக்கே போயின. கோதுமை களத்திலேயே கிடந்து வீணானது. அந்த டிசம்பரில் இந்தியன் ஹெட் என்ற ஊரில் டபிள்யூ. ஆர். மதர்வெல், பீட்டர் டேமன் என்ற இரண்டு விவசாயிகள் கூட்டம் கூட்டினார்கள். அந்த ஊர் இன்று இருப்பது சஸ்காட்செவன் மாகாணத்தில். அப்படி ஒரு மாகாணமே அப்போது இல்லை, எல்லாம் வடமேற்குப் பிரதேசம். அங்கேதான் தானிய விவசாயிகள் சங்கம் பிறந்தது.

சங்கம் கூச்சல் போட்டதோடு நிற்கவில்லை. 1902இல் பக்கத்து ஊரான சிந்தலூட்டாவில் ரயில் நிலைய ஏஜென்ட் மேல் வழக்குப் போட்டார்கள். யார் முதலில் பெட்டி கேட்டுப் புத்தகத்தில் எழுதினார்களோ அவர்களுக்கு அந்த வரிசைப்படி கொடுக்க வேண்டும் என்பது சட்டம், அவர் கொடுக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. உள்ளூர் மாஜிஸ்திரேட் 50 டாலர் அபராதம் போட்டார். ரயில்வே மேல்முறையீடு செய்து உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கேயும் விவசாயிகள் பக்கமே தீர்ப்பு. எனக்கு இந்த வழக்கு மிகவும் பிடித்த விஷயம். 50 டாலர் ரயில்வேக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வரிசை என்றால் வரிசை, பெரிய கம்பெனியும் ஒற்றை விவசாயியும் ஒரே புத்தகத்தில் ஒருவர் கீழ் ஒருவராகத்தான் என்று எழுத்தில் வந்துவிட்டது.

அதே சிந்தலூட்டாவைச் சேர்ந்த விவசாயிதான் ஈ. ஏ. பார்ட்ரிட்ஜ். 1906இல் விவசாயிகளே பங்கு போட்டுச் சொந்தமாகத் தானியக் கம்பெனி தொடங்கியதில் முன்னால் நின்றவர். அந்தக் கம்பெனி 1917இல் இன்னொன்றோடு இணைந்து யுனைடெட் கிரெயின் குரோவர்ஸ் ஆனது. அந்தப் பெயர் தாங்கிய எலிவேட்டர் ஒன்று இந்த வரிசையிலேயே இருக்கிறது. 1923, 1924இல் மானிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா என்ற மூன்று பிரேரி மாகாணங்களிலும் கோதுமைப் பூல் என்ற கூட்டுறவுகள் வந்தன. விவசாயி, தன் சொந்த எலிவேட்டரில், தன் சொந்த எடை மேடையில் வண்டியை நிறுத்தும் நாளும் வந்தது.

இப்போது உள்ளே இன்னும் கொஞ்சம். இந்தச் சுவரைக் கிட்டே காட்டுகிறேன்.

தெரிகிறதா? இது நின்ற பலகையில் அடித்த சுவர் இல்லை. பலகையைப் படுக்கை வசமாக, செங்கல் வைப்பது போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் ஆணியால் இறக்கியிருக்கிறார்கள். அடியில் அகலமான பலகை, இரண்டுக்கு எட்டு அங்குலம் அல்லது இரண்டுக்கு ஆறு. மேலே போகப் போக இரண்டுக்கு நான்கு. மூலைகளில் விரல்களைக் கோத்த மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கிறது. எத்தனை ஆணி என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன், என் கை அகலத்துக்குள்ளேயே பன்னிரண்டு இருந்தன. இப்படிக் கட்டாவிட்டால் தானியம் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிடும். அதற்காகவே உள்ளே இரும்புக் கம்பிகள் குறுக்கே இழுத்துப் பிடித்திருக்கின்றன.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தண்ணீர்த் தொட்டியில் ஆழம் கூடக் கூட அடியில் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். தானியத்தில் அப்படி இல்லை. ஓர் ஆழத்துக்கு மேல் அழுத்தம் பெரிதாகக் கூடாது. தானியம் சுவரோடு உரசுகிறது இல்லையா, அந்த உரசலில் பாரத்தின் ஒரு பெரிய பங்கு சுவருக்கே போய்விடும். இதை 1895இல் யான்சன் என்ற ஜெர்மன் பொறியாளர் சோதனை செய்து சூத்திரமாக எழுதினார். அந்த 1895ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அந்த வருஷம் மறுபடியும் வரும்.

இதோ, தரையிலிருந்து உச்சி வரை போகும் இந்தப் பெரிய மரக் குழாய். இதற்கு இங்கே கால் என்று பெயர். உள்ளே முடிவில்லாத பெல்ட், அதில் கிண்ணங்கள். கீழே குழியில் முங்கி அள்ளிக்கொண்டு மேலே போய், உச்சியில் தலைகீழாகக் கவிழும். அங்கே ஒரு சுழலும் குழாய் இருக்கிறது. அதைத் திருப்பும் சக்கரம் இங்கே கீழேயே, என் தோள் உயரத்தில். முள்ளை எந்த எண்ணில் வைக்கிறோமோ அந்த அறையில் கோதுமை விழும். முதல் தரக் கோதுமை ஓர் அறை, இரண்டாம் தரம் ஓர் அறை, ஈரம் தட்டியது தனி, ஓட்ஸ் தனி, பார்லி தனி. முள் ஒரு கோடு தள்ளி நின்றால் போச்சு, நல்ல கோதுமை மேல் ஓட்ஸ் கொட்டிவிடும்.

அப்புறம் இது. ஒரு ஆள் நிற்கும் அளவுக்குச் சின்னப் பலகை, ஒரு கயிறு. ஏஜென்ட் உச்சிக்குப் போக வேண்டுமானால் இதில் நின்று தன் கையாலேயே கயிற்றை இழுத்துக்கொண்டு ஏறுவார். மறுமுனையில் எதிர் எடை தொங்குகிறது. அது அந்த ஏஜென்டின் உடல் எடைக்குச் சரியாக வைத்தது. அவரைவிட இலேசான ஒரு ஆள் ஏறி பிரேக்கை விட்டால் விர்ரென்று மேலே போய்விடுவார். எங்களைச் சுற்றிக் காட்டியவர் என்னை அதில் நிற்கவிடவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தக் கட்டடத்தில் மனிதனைக்கூட எடை பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

வெளியே வருகிறோம். அந்தத் தனி அறை தெரிகிறதா? அதுதான் அலுவலகம், எஞ்சின் இருந்த இடமும் அதுவே. ஏன் தள்ளிக் கட்டினார்கள்? நெருப்புப் பயம். உள்ளே முழுக்க உலர்ந்த மரம், காற்றில் தானியத் தூசி. அந்தத் தூசி ஒரு பொறி பட்டால் வெடிமருந்து மாதிரி வெடிக்கும். அதனால் எஞ்சினை வெளியே வைத்து, சக்தியை மட்டும் தண்டின் வழியாக உள்ளே கொண்டுபோனார்கள்.

ஏற்றும் வேலையும் லேசில்லை. அந்தக் காலத்தில் வந்தவை சாதாரண மூடிய கூட்ஸ் பெட்டிகள். கதவு வழியாகத் தானியம் வழிந்துவிடாமல் உள்பக்கம் பலகை அடித்து, மேலே மட்டும் இடைவெளி விட்டு, குழாயை அதற்குள் நீட்டுவார்கள். பெட்டியின் இரண்டு மூலைக்கும் தானியம் பரவ, ஏஜென்ட் மண்வெட்டியோடு உள்ளே இறங்குவார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, அந்தத் தூசிக்குள். காலியான பெட்டியைக் குழாய்க்கு நேரே கொண்டுவர, சக்கரத்துக்கு அடியில் கடப்பாறை கொடுத்து அங்குலம் அங்குலமாக நெம்புவார். பல ஏஜென்ட்களுக்கு நுரையீரல் போனது இந்தத் தூசியால்தான். அவரைப் பற்றியும் சொல்லாமல் போனால் நியாயமில்லை.

இந்த இங்லிஸ் ஊருக்கு ரயில் வந்தது 1922இல். எலிவேட்டரும் கூடவே எழும்பியது, ஊர் அதற்கு அப்புறம்தான். சுற்றிலும் உக்ரைனிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் ஜெர்மன் பேசும் பகுதிகளிலிருந்தும் வந்த குடும்பங்கள். ஆங்கிலம் சரியாக வராதவர் பலர் இருந்திருப்பார்கள், ஆனால் எடை மேடையின் முள்ளைப் படிக்க எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பிரேரி முழுக்க இதே கதைதான். குதிரை வண்டி ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில், சுமார் 12 முதல் 16 கிலோமீட்டருக்கு ஒன்றாக ஊர்களை நட்டார்கள். 1930களில் மேற்குக் கனடாவில் 5,700க்கும் மேற்பட்ட எலிவேட்டர்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு நிறம். பயனியர் என்றால் ஆரஞ்சும் மஞ்சளும், ஆல்பர்ட்டா பூல் என்றால் பச்சை. சுவரில் பெரிய எழுத்தில் ஊர்ப்பெயர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையான நிலத்தில், பனிப்புயலில் வழி தவறியவர்கள் தேடியது இந்த எழுத்தைத்தான்.

அப்புறம் லாரிகள் பெரிதாயின, சாலைகள் நன்றாயின. 12 கிலோமீட்டருக்கு ஓர் ஊர் தேவையில்லை என்றானது. ரயில்வே நஷ்டம் காட்டிக் கிளைப் பாதைகளை மூட ஆரம்பித்தது. 1897 ஒப்பந்தத்திலிருந்து ஏதோ ஒரு வடிவில் விவசாயிகளைக் காத்துவந்த மலிவான தானிய ரயில் கட்டணம், குரோ கட்டணம் என்பார்கள், 1995 ஆகஸ்டில் அடியோடு போனது. மரக் கோபுரங்களுக்குப் பதிலாக, நூறு ரயில் பெட்டிகளை ஒரே மூச்சில் நிரப்பும் கான்கிரீட் நிலையங்கள் வந்தன. விவசாயி இப்போது அங்கே போக 80, 100 கிலோமீட்டர் லாரி ஓட்டுகிறார். தானியம் கையாளும் செலவு குறைந்தது என்பது உண்மை. அந்தச் செலவின் ஒரு பங்கு விவசாயியின் டீசலுக்கும் மாகாணத்தின் சாலைகளுக்கும் இடம் மாறியது என்பதும் உண்மை. எனக்கு இதில் கோபம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

இடிக்கும் வீடியோக்கள் பார்த்திருக்கிறேன். ஒரு பொக்லைன் வந்து அடிப்பக்கத்தில் ஒரு பக்கமாகக் கடித்துக் கடித்து எடுக்கும். கோபுரம் வெகு நேரம் அசையாது. அந்த ஆணிகள், அந்தப் பின்னல். அப்புறம் மெதுவாக ஒருபக்கம் சாய்ந்து, மொத்தமாக விழும்போது எண்பது வருஷத் தூசி மேகமாக எழும்பும். ஊரே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் பேசமாட்டார்கள்.

மறுநாள் காலை. இடம் மாறிவிட்டேன். இது சஸ்காட்செவன் எல்லைக்குள் நுழைந்ததும் வரும் ஃபிளெமிங். பின்னால் டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலை, லாரிச் சத்தம் கேட்கும். 1895ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் இல்லையா? அந்த வருஷம் லேக் ஆஃப் தி உட்ஸ் மில்லிங் கம்பெனி, ஃபைவ் ரோஸஸ் என்ற பெயரில் மைதா விற்ற கம்பெனி, இந்த ஊரில் ஒரு எலிவேட்டர் கட்டியது. தானியச் சட்டம் வருவதற்கு ஐந்து வருஷம் முந்தியது. சிந்தலூட்டா வழக்குக்கு ஏழு வருஷம் முந்தியது. அந்தப் பெரிய சண்டை எல்லாம் நடந்தபோது இது ஏற்கெனவே இங்கே நின்று கோதுமை எடை போட்டுக்கொண்டிருந்தது. கனடாவில் கட்டிய இடத்திலேயே நின்ற எலிவேட்டர்களில் மிகப் பழையது இது என்று கண்டுபிடித்து, பாரம்பரியச் சின்னமாக்கி, ஊர்க்காரர்கள் சீரமைத்துக்கொண்டிருந்தார்கள்.

2010 பிப்ரவரி 9 அன்று அது எரிந்து போனது. யாரோ தீ வைத்ததாகச் சந்தேகம். 115 வருஷம் இடிக்கும் மழைக்கும் காற்றுக்கும் நின்றது. உலர்ந்த மரம், ஒரே இரவு.

நான் காட்ட இங்கே எதுவும் இல்லை. புல், சரளைக் கல், தண்டவாளம். பிரதான பாதை என்பதால் இது மட்டும் பளபளவென்று இருக்கிறது. கொஞ்சம் இருங்கள், வண்டி வருகிறது. தானியப் பெட்டிகள்தான், அடியில் சரிந்த வாயோடு வருகின்றனவே, அவை. எண்ணுகிறேன், நீங்களும் எண்ணுங்கள்.

நூற்றுப் பதினொன்று. நிற்கவில்லை.

இங்லிஸ் கோடையில்தான் பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும். போகிறவர்கள் அந்த எடை மேடை மேல் நின்று ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் மூசோமின் பக்கம் ஒரு காபி குடித்துவிட்டு வண்டியைத் திருப்புகிறேன்.